கையடை

சென்ற மாதம் ஒருநாள் மாலை, முன்னொரு காலத்தில் என்னிடம் நன்னூல் பாடங்கேட்ட மாணவர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்தார். இப்பொழுது அவர் கணித ஆசிரியர். முகத்தில் ஏதோ ஒரு குறை தெரிந்தது.

“ஐயா, ஒரு சொல்லைத் தேடி வந்திருக்கிறேன்” என்றார்.

“எந்தப் பொருளிலே சொல் வேண்டும், தம்பி?”

“அதைத்தான் சொல்லத் தெரியவில்லை. நடந்ததைச் சொல்லுகிறேன். நீங்களே பெயர் வையுங்கள்.”

நடந்தது இது. அந்நிய நாடொன்றிலே நாலைந்து இளைஞர் கூடி ஒரு கணினி விளையாட்டை ஆக்கப்போவதாக அறிவித்தனர். ‘எம் கையிற் பணமில்லை, விரும்புவோர் முன்பணம் தந்து உதவுக, ஒன்றரை ஆண்டில் விளையாட்டு உங்கள் கைக்கு வரும்’ என்பது அவர்கள் தந்த வாக்கு. கணினி விளையாட்டிலே பெரும் பிரியமுடைய நம் ஆசிரியர் முப்பது டொலர் அனுப்பினார். அனுப்பி நான்கு ஆண்டுகள் கழிந்தன. விளையாட்டு வரவில்லை. கடந்த ஓராண்டாக அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

“நான் கொடுத்தது விலையா, ஐயா? விலையென்றால் பொருள் எங்கே? கடனா? கடனென்றால் திருப்பித் தரவேண்டாமா? கொடையா? கொடையென்றால் கொடுத்தவன் வாய் திறப்பது அழகில்லை. இந்த மூன்றும் இல்லையென்றால், நான் கொடுத்தது என்ன?”

கணினி விளையாட்டு யான் அறியாத துறை. ஆயினும் அவர் கேட்டது சொல்லைப் பற்றியும் அச்சொல்லின் பின்னே நிற்கும் அறத்தைப் பற்றியும் எழுந்த கேள்வி. அன்றியும், அது என் நெஞ்சிற் கிடந்த ஒரு பழைய முள்ளைத் தொட்டது. அம்முள்ளைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன். அவரை இருக்கச் செய்து இத்துறையின் வரலாற்றைக் கேட்டேன். அவர் தந்த கட்டுரைகளையும் அறிக்கைகளையும் பல இரவுகள் இருந்து படித்தேன். அறிந்தவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

பலர் தரும் சிறுதொகை

கணினி விளையாட்டு என்றவுடன் அதனைச் சிறுபிள்ளை வேளாண்மையென்று நம்மவர் தள்ளிவிடக்கூடும். யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். ஆராய்ந்து பார்க்கும்போது, அது கதையும் ஓவியமும் இசையும் கணிதமும் கூடிய ஒரு கலைத்தொகுதி என்பது புலப்படுகின்றது. நாடகம் போடுவதற்கு வேண்டிய கூட்டுமுயற்சி அதற்கும் வேண்டும். ஆண்டுக்கணக்கான உழைப்பும் வேண்டும். ஆகலின் பணமும் வேண்டும்.

அப்பணத்தை முன்பு பெரிய வெளியீட்டு நிறுவனங்களே கொடுத்துவந்தன. அவை சும்மா கொடுப்பதில்லை. இன்ன திகதிக்குள் இன்ன பகுதி முடிந்தால் இவ்வளவு என்று தவணை வகுக்கும். பகுதி முடியாவிட்டாற் பணம் நின்றுவிடும். ‘இந்தக் கதை விலைபோகாது, மாற்றி எழுது’ என்றும் சொல்லும். கலைஞனுக்கு இது கசப்பு. ஆயினும், கேள்வி கேட்பார் ஒருவர் அங்கே இருந்தார் என்பதை மறத்தலாகாது.

2009 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நியூயோர்க் நகரிற் கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணைய நிறுவனம் தோன்றியது. படைப்பாளர் தம் எண்ணத்தைப் பொதுமக்கள்முன் வைப்பார். வேண்டிய தொகையையும் அது சேரவேண்டிய கால எல்லையையும் குறிப்பார். எல்லைக்குள் முழுத்தொகையும் சேர்ந்தாலன்றி எவரிடமும் ஒரு சதமும் அறவிடப்படாது. சேர்ந்துவிட்டால், நிறுவனத்தார் நூற்றுக்கு ஐந்து வீதத்தைத் தம் கூலியாக எடுத்துக்கொள்வர். பணமாற்றுச் செலவும் போக எஞ்சியது படைப்பாளர் கைக்கு வரும். இம்முறையைத் திரள்நிதி என வழங்குகின்றனர்.

வெளியீட்டாளரின் பிடியிலிருந்து சுயாதீனக் கலைஞர் விடுபட இது வழி செய்தது. நல்லதே. ஆனால் கேள்வி கேட்பாரும் உடன் போய்விட்டார். அவருடைய நாற்காலியில் இப்பொழுது பல்லாயிரம் பேர் இருக்கின்றனர். ஒவ்வொருவரும் தந்தது இருபதோ முப்பதோ டொலர். அதற்காக எவரும் நீதிமன்றம் ஏறப்போவதில்லை. ஒருவர் கேட்டால் அது வினாவாகும். பல்லாயிரவர் ஒருங்கே கேட்டால் அது இரைச்சலாகிவிடுகின்றது. இரைச்சலுக்கு விடை சொல்லாமற் காதைப் பொத்திக்கொள்வது எளிது. இத்துறையின் இடர்ப்பாடு முழுவதும் இவ்விடத்தேதான் இருக்கின்றது.

போப்பும் ஜோன்சனும்

முன்பணம் வாங்கிப் படைக்கும் வழக்கம் புதியதன்று. அலெக்சாண்டர் போப் என்னும் ஆங்கிலப் புலவர் ஹோமரின் இலியத்தை மொழிபெயர்க்கத் தொடங்கியபோது, பாகத்துக்கு ஒரு கினி வீதம் தருவதாக 575 பேர் முன்வந்து பெயர் பதிந்தனர். 1715 முதல் 1720 வரை ஆறு பாகங்களும் வெளிவந்தன. ஆண்டுதோறும் ஒரு பாகம் என்ற ஒழுங்கு இறுதியிற் சிறிது பிசகியதேயன்றி வாக்குப் பிசகவில்லை. நம் மொழியிலும் இவ்வழக்கம் உண்டு. 1887 இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் கையொப்பமிட்டுப் பொருளுதவி புரிந்த அன்பர்களை நாடியவரே.

இதற்கு எதிர்மறையான கதை சாமுவேல் ஜோன்சனுடையது. ஆங்கில அகராதி செய்து பெரும்புகழ் பெற்றவர் அவர். 1756 இல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் திருத்திப் பதிப்பிப்பதாக அறிவித்து முன்பணம் பெற்றார். அடுத்த ஆண்டு முடிவுக்குள் நூல் வருமென்றார். வரவில்லை. ஆண்டுகள் ஓடின. 1762 இற் சார்ள்ஸ் சேர்ச்சில் என்ற புலவர், பணத்தை வாங்கிக்கொண்டு நூலைத் தராதவர் என்று அவரைக் கவியிலே வைத்து எள்ளினார். அந்த ஏளனம் சுட்ட பின்னரே வேலை விரைந்தது என்பர். 1765 இல் நூல் வெளிவந்தது. பெயர் பதிந்தோர் பட்டியலை ஏன் அச்சிடவில்லையென்று கேட்டபோது, பெயர்களைத் தொலைத்துவிட்டதாகவும் பணத்தைச் செலவழித்துவிட்டதாகவும் அவர் நகைச்சுவையாக விடையிறுத்தார் என்று அவர் வரலாறு கூறுகின்றது.

நகைச்சுவைதான். ஆனால் யான் ஜோன்சனைப் பார்த்து நகைக்கத் தகுதியற்றவன்.

என் முள்

2011 ஆம் ஆண்டு, எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் எழுதிவைத்த உரைக்குறிப்புக்களை நூலாக்க எண்ணினேன். அன்பர்கள் 112 பேர் தலைக்கு 500 ரூபா முன்பணம் தந்தனர். 56,000 ரூபா சேர்ந்தது. வருகின்ற தைப்பொங்கலுக்கு நூல் உங்கள் கையில் என்று ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினேன்.

அதன்பின் ஒரு நண்பர், ‘சொல்லடைவு இருந்தால் மாணவருக்கு உதவும்’ என்றார். உண்மைதான் என்று சேர்க்கத் தொடங்கினேன். மற்றொருவர், ‘ஆசிரியர் வரலாறு வேண்டாமா?’ என்றார். அதையும் எழுதத் தொடங்கினேன். நூல் வளர்ந்தது, பணம் வளரவில்லை. காகித விலை ஏறியது. பணத்திற் பெரும்பகுதி எழுத்துக்கோப்பிலேயே முடிந்தது. தைப்பொங்கல் வந்தது, போனது. அடுத்த பொங்கலும் போனது.

முதலாண்டிலே கேட்டவர்களுக்கு மறுமொழி சொன்னேன். இரண்டாம் ஆண்டிலே எழுதாதிருந்தேன். மூன்றாம் ஆண்டிற் கோயில் வீதியில் அவர்களிற் சிலரைக் கண்டால் மறுவீதியாற் போனேன். நூல் 2015 இலே வெளிவந்தது. அதற்குள் முன்பணம் தந்தவர்களில் ஒருவராகிய ஓய்வுபெற்ற தபாலதிபர் காலமாகிவிட்டார்.

பிரதியைக் கொண்டுபோய் அவருடைய மகளிடம் கொடுத்தேன். “அப்பா புத்தகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்களோ, ஒரு கடிதத்தையும் காணவில்லையே என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தவர்” என்றார் அவர்.

நூல் பிந்தியதை அப்பெரியவர் பொறுத்திருந்தார். கடிதம் வராததுதான் அவரை வருத்தியது. இக்கட்டுரையில் யான் சொல்லப்போவன எல்லாம் அந்த அம்மையாரின் சொல்லிலிருந்து கற்றவையே.

கண்முன்னே கணக்கு

திரள்நிதியாற் படைக்கப்பெற்ற விளையாட்டுக்களுள் முதன்முதற் பெரும்புகழ் பெற்றது டிம் ஷேபர் என்பவருடையது. சான்பிரான்சிஸ்கோ நகரில் டபிள் பைன் என்ற கலைக்கூடத்தை நடத்தியவர் அவர். கதை கேட்டும் புதிர் அவிழ்த்தும் செல்லும் பழைய பாணி விளையாட்டு ஒன்றைச் செய்ய விரும்பினார். அவ்வகைக்குப் பணந்தர வெளியீட்டாளர் இல்லை. 2012 பெப்ரவரியில் அவர் மக்களிடம் 4 இலட்சம் டொலர் கேட்டார். ஒரு நாளுக்குள் அத்தொகை சேர்ந்துவிட்டது. முடிவிலே 87,142 பேர் தந்தது 33 இலட்சம் டொலருக்கு மேல்.

அதே ஆண்டு ஒக்டோபரில் விளையாட்டு வருமென்பது முதல் வாக்கு. பணம் எட்டு மடங்கானபோது கனவும் பெருகியது. என் சொல்லடைவின் கதைதான். 2013 ஜூலை மாதம் ஷேபர் தம் ஆதரவாளருக்கு எழுதினார். கையிலுள்ள பணம் வேலை முடியுமட்டும் போதாது. ஆகவே விளையாட்டை இரண்டாகப் பகுத்து, முற்பகுதியை விற்று வரும் பணத்தால் பிற்பகுதியை முடிப்போம் என்றார். கண்டனம் எழுந்தது. முந்தியது முடியுமுன்னே மற்றொரு விளையாட்டுக்கும் திரள்நிதி கேட்டாரே என்றும் குறைகூறினர். அக்குறையில் நியாயம் உண்டு.

‘புரோக்கன் ஏஜ்’ என்ற அவ்விளையாட்டின் முற்பகுதி 2014 ஜனவரியிலும் பிற்பகுதி 2015 ஏப்ரலிலும் வெளிவந்தன. இரண்டரை ஆண்டுத் தாமதம். எனினும் ஷேபர் செய்த ஒன்றை இங்கே குறிக்கவேண்டும். தொடக்கத்திலேயே ஒரு படப்பிடிப்புக் குழுவை உடன்வைத்து, வேலை நடக்கும் முறையைப் படம்பிடித்து ஆதரவாளருக்குக் காட்டிவந்தார். தடுமாற்றமும் வாதமும் பணக்கவலையும் அப்படத்திலே உண்டு. வேலைக்களத்தின் கதவைத் திறந்துவைத்தமையாற் பலர் சினந்தனர். ஆயினும் பணம் எங்கே போயிற்று என்று அறியாமல் எவரும் சினக்கவேண்டியிருக்கவில்லை.

தோல்வியைச் சொன்னவரும் மறைத்தவரும்

முடிக்க முடியாமற் போனவற்றையும் பார்ப்போம். நீல் ஸ்டீவன்சன் புகழ்பெற்ற நாவலாசிரியர். வாட்போரை அதன் உண்மையான வரலாற்று முறையிலே காட்டும் ‘கிளாங்’ என்ற விளையாட்டுக்காக 2012 இல் அவர் குழு 5 இலட்சம் டொலர் கேட்டு, 9,000 பேருக்கு மேற்பட்டோரிடமிருந்து 5 இலட்சத்து 26 ஆயிரம் டொலர் பெற்றது. முன்மாதிரி ஒன்று செய்தனர். மேற்கொண்டு பணம் கிடைக்கவில்லை. 2013 செப்டெம்பரில் வேலை நின்றது. 2014 செப்டெம்பரில், இது முடிந்துவிட்டது என்று ஸ்டீவன்சனே எழுதினார். முன்மாதிரி தொழில்நுட்பத்திற் புதுமையானதாயினும் விளையாடுவதற்கு இன்பந் தரவில்லை என்பதையும், வரலாற்று நுட்பத்திலே தாம் கருத்தூன்றியதும் அதற்கு ஒரு காரணம் என்பதையும் ஒப்புக்கொண்டார். பணத்தைத் திருப்பிக் கேட்ட ஏறத்தாழ இரண்டு டசின் பேருக்கு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

ஓராண்டு வேலை நின்றிருந்ததை எண்ணும்போது அந்த அறிவிப்பு இன்னும் முன்னே வந்திருக்கலாம் என்று தோன்றும். எனினும், ‘என் பிழையும் உண்டு’ என்று ஒரு பெயர்பெற்ற எழுத்தாளர் எழுதுவது எளிதன்று. எழுதத் துணியாதவன் அதன் அருமையை அறிவேன்.

மற்றொரு வகை வேறு. 2012 இல் அமெரிக்காவில் ஒருவர், அட்லாண்டிக் சிற்றியைக் களமாகக் கொண்ட பலகை விளையாட்டொன்றை வெளியிடுவதாகச் சொல்லி 1,246 பேரிடமிருந்து 122,000 டொலருக்கு மேற் பெற்றார். வேலை நடக்கிறது என்றே அவர் சொல்லிவந்தார். 2013 ஜூலையில் எல்லாம் நின்றுவிட்டதென்றார். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு விசாரித்தது. பணத்திற் பெரும்பகுதி வீட்டு வாடகைக்கும், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்வதற்கும், சொந்தத் தேவைகளுக்கும் போயிற்று என்று 2015 ஜூனில் ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. திரள்நிதி பற்றி அவ்வாணைக்குழு தொடுத்த முதல் வழக்கு இது. 111,793 டொலர் செலுத்தவேண்டுமெனத் தீர்வாயிற்று. செலுத்தும் வசதி இல்லாமையால் அது நிறுத்திவைக்கப்பட்டது. அந்த விளையாட்டை வேறொரு நிறுவனம் தானாக முன்வந்து அச்சிட்டு ஆதரவாளருக்கு வழங்கியது என்பது மனத்துக்கு ஆறுதல் தரும் செய்தி.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் பொருள் வரவில்லை. ஆயினும் இரண்டையும் ஒரே தராசில் இடுதல் தகாது. ஸ்டீவன்சன் குழு பணத்தைச் சொன்ன வேலையிற் செலவிட்டுத் தோற்றது. மற்றவர் மீது வந்த குற்றச்சாட்டு, சொன்ன வேலையையே விட்டுவிட்டு, நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பது. சட்டம் முன்னதைத் தொடவில்லை, பின்னதைத் தொட்டது.

விதி சொல்வது

கிக்ஸ்டார்ட்டர் நிறுவனம் தன்னை ஒரு கடையெனக் கருதவேண்டாம் என்று 2012 இலேயே அறிவித்தது. 2014 இல் விதிகளைத் தெளிவாக்கியது. பணம் பெற்றவர் வேலையை முடித்து வாக்களித்ததைத் தரவேண்டும். முடியாவிட்டால், செய்ததையும் பணம் செலவான வகையையும் தடையையும் ஆதரவாளருக்கு விளக்கவேண்டும், உண்மையாக நடந்துகொள்ளவேண்டும், எஞ்சிய பணத்தைத் திருப்பித் தர முன்வரவேண்டும். அவ்விதியின் சாரம் இது. நிறுவனம் தான் நடுவராக நின்று பணம் மீட்டுக் கொடுப்பதில்லை.

இதனை எண்ணிப் பாருங்கள். முதற்கடமை பொருளைத் தருவது. அது முடியாதபோது எஞ்சும் கடமை கணக்குச் சொல்வது. முதலாவதை ஊழும் நோயும் கணிப்புப் பிழையும் தடுக்கலாம். இரண்டாவதைத் தடுக்கக்கூடியது சொல்பவரின் கூச்சம் ஒன்றுதான்.

2015 இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஈதன் மொலிக், கிக்ஸ்டார்ட்டர் ஆதரவாளர் பல்லாயிரவரை வினவி ஓர் ஆய்வு வெளியிட்டார். எல்லாத் துறைகளையும் சேர்த்து, நிதி பெற்ற முயற்சிகளில் நூற்றுக்கு ஒன்பது வாக்களித்ததைத் தராது போயின என்று கண்டார். நூற்றிலே தொண்ணூற்றொன்று ஏதோ ஒரு காலத்தில் நிறைவேறுகின்றன. ஆகவே இம்முறையையே சூது என்று தள்ளுவது பிழை. தாமதம் மிகப் பெரிது, ஏமாற்று அரிது. தாமதத்தை எப்படிச் சுமப்பது என்பதே கேள்வி.

ஆறாண்டு சுமந்தவர்கள்

சுமந்து காட்டிய இருவரைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் யொட் கிளப் கேம்ஸ் என்ற சிறு குழு, ‘ஷவல் நைட்’ என்ற விளையாட்டுக்காக 2013 இல் 75,000 டொலர் கேட்டு 3 இலட்சத்து 11 ஆயிரத்துக்கு மேற் பெற்றது. இலக்குக்கு மேற் பணம் சேரச் சேர மேலும் மேலும் வாக்குக் கொடுப்பது இத்துறையின் வழக்கம். அவர்களும் கொடுத்தனர்: எதிர்நாயகர் மூவரைத் தலைவராக்கி மூன்று தனிக்கதைகள். விளையாட்டு 2014 ஜூனில் வெளியாயிற்று. அதற்கு முன்னரே சேர்ந்த பணம் தீர்ந்து, சில மாதம் ஊதியமின்றி உழைத்தனர். வெளியான சில வாரங்களில், எத்தனை பிரதி விற்றது, பணம் எவ்வெவ்வகையிற் செலவாயிற்று என்று எல்லோரும் காண எழுதிவைத்தனர். பின்பு அந்த மூன்று கதைகளையும் 2015 இலும் 2017 இலும் 2019 டிசெம்பரிலுமாக முடித்து, முன்பணம் தந்தவரிடம் மேலும் ஒரு சதமும் வாங்காமல் வழங்கினர். 2013 இற் சொன்ன சொல்லை ஆறாண்டு சுமந்தனர்.

அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் டீம் செரி என்ற குழு, 2014 இல் 35,000 அவுஸ்திரேலிய டொலர் கேட்டு 57,000 பெற்று, 2017 இல் ‘ஹொலோ நைட்’ என்ற விளையாட்டைத் தந்தது. அது உலகெங்கும் கொண்டாடப்பட்டது. அவர்கள் கொடுத்த வாக்குக்களில் இன்னொரு பாத்திரத்தைக் கொண்டு ஆடும் பகுதியும் ஒன்று. அது வளர்ந்து வளர்ந்து தனி விளையாட்டாகும் என்று 2019 இல் அறிவித்தனர். ‘சில்க்சோங்’ என்ற அது 2025 செப்டெம்பர் 4 ஆந் திகதி வெளியாயிற்று. பழைய ஆதரவாளருக்கு அது இலவசம் என்ற சொல்லும் இருந்தது. வாக்குக்கு மேலாகவே தந்தனர் என்க. எனினும் இடையிலே அவர்கள் பேசியது மிக அரிது. காத்திருந்தோர் ஒருவரையொருவர் நோக்கி, ‘ஏதும் தெரியுமா?’ என்று கேட்டபடி ஆண்டுகளைக் கழித்தனர். பொருள் சிறந்ததாயினும் மௌனத்தின் வருத்தம் வருத்தமே. அதை யான் ஒரு தபாலதிபரின் மகளிடம் கேட்டறிந்தேன்.

கொடுத்தோர் கடன்

கொடுத்தவருக்கும் கடமை உண்டு. முப்பது டொலர் தந்தவர் அந்த விளையாட்டின் ஆசிரியர் ஆகிவிடமாட்டார். கதை இப்படிப் போகவேண்டும், அந்தப் பாத்திரம் இறக்கக்கூடாது என்று ஆணையிட அவருக்கு உரிமையில்லை. அந்த ஆணையிலிருந்து தப்புவதற்காகவே கலைஞன் வெளியீட்டாளரை விட்டு வந்தான். பல்லாயிரம் வெளியீட்டாளரிடம் அகப்படுவதற்காக வரவில்லை. தாமதத்தைக் கேட்டு வசைமொழி எழுதுவோரும் மிரட்டுவோரும் உளர். அது கேள்வியன்று, வன்முறை. அதுவே படைப்பாளரை மௌனத்துக்குள் ஓட்டுகின்றது. மௌனம் மேலும் சினத்தை வளர்க்கின்றது.

கேட்க உரிமையுள்ளவை மூன்று என்று எனக்குத் தோன்றுகின்றது. பணம் என்னவாயிற்று? வேலை எவ்வளவில் நிற்கின்றது? இனி என்ன செய்யப் போகின்றீர்கள்? இம்மூன்றுக்கும் விடை சொல்லக் கலைமகளின் அருள் வேண்டியதில்லை. ஒரு தபாலட்டை போதும்.

சொல் கிடைத்தது

இனி நம் கணித ஆசிரியர் தேடி வந்த சொல்லுக்கு வருவோம்.

கம்பர் இராமாயணத்திற் பாலகாண்டத்தில் ஒரு படலத்துக்குக் கையடைப் படலம் என்று பெயர். வேள்வி காக்க இராமனைத் தரும்படி விசுவாமித்திர முனிவர் கேட்கின்றார். தயரதன் கலங்குகின்றான், பின் கொடுக்கின்றான். விற்கவில்லை, தானஞ் செய்யவுமில்லை, கடன் கொடுக்கவுமில்லை. ஒருவர் கையிலே நம்பி ஒப்படைப்பது கையடை. வாங்கியவர் தம் கருத்துப்படி நடத்திச் செல்வார். வழியைக் கொடுத்தவர் வகுப்பதில்லை. ஆயினும் பொருள் வாங்கியவருடையதாகிவிடாது. அதற்கு அவர் பதில் சொல்லவேண்டியவர்.

வேள்வி முடிந்தது. சொன்ன வேலை அவ்வளவே. ஆனால் முனிவர் அயோத்திக்குத் திரும்பவில்லை. இராமனை மிதிலைக்கு அழைத்துப் போனார். அங்கே வில் முறிந்தது, திருமணம் கூடியது. சொன்ன எல்லையைக் கடந்து காரியம் வளர்ந்துவிட்டது. அப்போது மணத்தை உடனே முடிப்பதா, தயரதனுக்குச் சொல்லி அனுப்புவதா என்று சனகன் கேட்க, தயரதனும் வருதல் வேண்டும் என்பது முனிவர் கருத்தாயிற்று. தூதர் அயோத்திக்கு ஓடினர். கையடை வாங்கியவர் இலக்கணம் அது. பயணம் நீளலாம். தூது போகவேண்டும்.

“கையடை” என்றேன் மாணவரிடம்.

அவர் அச்சொல்லை ஒருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்தார். “அப்படியென்றால் நான் கேட்கலாம், ஐயா.”

“கேட்கலாம். கேட்கும் முறை ஒன்று உண்டு. பொறு என்ற ஒரே அடியிலிருந்துதான் பொறுப்பும் வந்தது, பொறுமையும் வந்தது. வாங்கியவர் பொறுப்பைக் காட்டுமட்டும் கொடுத்தவர் பொறுமையைக் காட்டலாம். ஒன்று முறிந்தால் மற்றது நிற்காது. உன் பங்கை நீ முறிக்காதே.”

அன்றிரவே இருவரும் இருந்து ஒரு கடிதம் எழுதினோம். அவர் ஆங்கிலத்தில் எழுதினார். யான் வசைச்சொல் ஏதும் புகாமற் பார்த்துக்கொண்டேன். மேலே சொன்ன மூன்று கேள்விகள். கீழே ஒரு வரி அவர் தாமாகச் சேர்த்தார்: நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று அறிய விரும்புகிறோம்.

மறுமொழி இன்னும் வரவில்லை. அவர் போனபின் யான் 2011 ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை எடுத்தேன். 112 பெயரும் அதிலே உண்டு. நூல் எல்லோருக்கும் சேர்ந்துவிட்டது; ஆனால் பிந்தியதற்கான காரணத்தை ஒருவருக்கேனும் யான் எழுதியதில்லை. பலர் இப்போது இல்லை. இருப்போர் முகவரிகளைத் திரட்டி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருக்கின்றேன். இதுவரை நாற்பத்தொரு கடிதங்கள் போய்விட்டன.